குத்தகைக் காலம் பற்றி நான் எழுதிய பந்தி

என் வேலை போகும் செய்தியை முதலில் எழுதியவன் நான்தான். அதுவும் நல்ல ஆங்கிலத்தில், திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினேன். முடித்த பிறகு மனைவியைப் பிடித்து இருத்தி வாசித்தும் காட்டினேன். அவள் உள்ளி உரித்துக்கொண்டு, "வடிவாக் கிடக்கு" என்றாள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. எழுதிய எனக்கும் விளங்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

நான் வேலை செய்தது கட்டிலும் மெத்தையும் விற்கிற ஒரு கம்பனியில். நாடு முழுக்கக் கடைகள் இருந்தன. தலைமை அலுவலகம் தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதமில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேலே இருந்தது. நோர்பரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கணக்குப் பகுதியில் தமிழர் இரண்டு பேர்: நானும், எனக்கு மேலே இருந்த நிதிப் பணிப்பாளரும். மற்றவர்களுக்கு அவர் பணிப்பாளர், எனக்கு அண்ணை. பெற்றோல் நிலையத்தில் சில்லறை எண்ணிக்கொண்டு நின்ற என்னை, "படிச்சுப்போட்டு இதிலை நிண்டு என்ன செய்யிறீர்?" என்று கேட்டு அந்தக் கம்பனிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய காரில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவோம். முன்னால் நாங்கள் இருவரும், பின்னால் எங்கள் மனைவிமார். லண்டனின் தெற்கிலிருந்து வடக்குக்கு வெள்ளிக்கிழமை மாலையில் போகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ளாமல் விட்டது ஒன்றும் இருக்காது என்று நம்பியிருந்தேன்.

அப்போதுதான் புதிய குத்தகை விதி வந்தது. முன்பெல்லாம் கடை வாடகை என்றால் ஒரு செலவு. கட்டினோம், எழுதினோம், மறந்தோம். புதிய விதிக்கு அது போதவில்லை. இனிமேல் கட்டப்போகிற வாடகையையும் இன்றைக்கே கடனாக ஐந்தொகையில் காட்ட வேண்டும். அந்தக் கட்டடத்தில் இருக்கிற உரிமையை மறுபக்கத்தில் சொத்தாகக் காட்ட வேண்டும். சரி, எத்தனை வருட வாடகை? எங்கள் குத்தகைகள் பலவற்றில், காலம் முடிந்தாலும் விரும்பினால் இன்னும் ஐந்து வருடம் இருக்கலாம் என்று ஓர் உரிமை உண்டு. அப்படி இருப்பது நியாயமான அளவுக்கு நிச்சயம் என்றால் அந்த ஐந்தையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆக, எவ்வளவு காலம் இங்கே தங்குவதாக உத்தேசம் என்று கம்பனியைப் பார்த்துக் கேட்கிற விதி இது. ஹீத்ரோவில் ஒரு குடிவரவு அதிகாரி என்னிடமும் இதையே கேட்டிருக்கிறார். அந்த அனுபவத்தை மதித்துத்தான் வேலையை என்னிடம் தந்தார்கள் போலும்.

அரையாண்டு அறிக்கை வழக்கமாக மெலிந்தது. கணக்கீட்டுக் கொள்கைகளில் மாற்றமில்லை, போன வருட அறிக்கையைப் பார்க்கவும் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. அந்த ஒரு வரியையே ஒவ்வொரு வருடமும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். இந்த முறை கொள்கை மாறியதால் முழுக் குறிப்பு எழுத வேண்டும். அச்சில் வரப்போகிற என் முதல் உரைநடை! கடை கடையாக எடுத்து, இது நிலைக்கட்டும், அது போகட்டும் என்று கடவுளைப் போலத் தீர்ப்புச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்கு யோசனையே தேவைப்படவில்லை. கம்பளம்கூட அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஐந்து வருடத்தையும் சேர்த்தேன்.

ஒரு பின்னேரம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, எங்கடை ஒஃபிஸுக்குப் போட்ட அந்த அஞ்சு வருசத்தை எடுத்துவிடும்."

"ஏன் அண்ணை?"

"சும்மா டெக்னிக்கல்."

பக்கத்து மேசை ஆங்கிலேயப் பெண் என்றால் ஏன், ஏன் என்று துளைத்திருப்பாள். போதாதற்கு மின்னஞ்சலிலும் கேட்டு வைத்திருப்பாள். நாங்கள் வளர்ந்த முறை வேறு. அண்ணையிடம் ஏன் என்று ஒருதரம் கேட்கலாம். இரண்டாந்தரம் கேட்டால் அது கேள்வி இல்லை, மரியாதைக்குறைவு.

எடுத்துவிட்டேன். கம்பனியின் கடன் குறைந்தது. ஏதோ நான் கட்டித் தீர்த்தது போலச் சந்தோஷப்பட்டேன். தலைமை அலுவலகத்தின் நீடிப்பு உரிமையைப் பயன்படுத்துவது நியாயமான அளவுக்கு நிச்சயமில்லை என்று கம்பனி முகாமை கருதுவதாக ஒரு பந்தி எழுதினேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தாளம் இருந்தது. அண்ணை அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை காரில், மகளுக்கு ஓர் அறை வேண்டும், கடன் எடுத்துக் கூரைக்குள் லொஃப்டைக் கட்டலாமென்று யோசிக்கிறோம் என்றேன். அண்ணை சிக்னலைப் பார்த்தபடி, "நல்ல யோசனை, தம்பி" என்றார். கோயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். நான் லொஃப்ட் நல்லபடியாக முடிய வேண்டுமென்று கேட்டேன். அவர் என்ன கேட்டார் என்று தெரியாது.

வீட்டுக் கூரையைக் கழற்றி நீலப் படங்கு கட்டியிருந்த கிழமையில்தான், அரையாண்டுக் கணக்கைப் பார்க்கக் கணக்காய்வாளர் வந்தார். கோயம்புத்தூர்ப் பெண், கூர்மையானவர்.

"கடைங்க எல்லாம் ஓகே சார். ஹெட் ஆபீஸ்லதான் ஒரு டவுட்."

நான் கதிரையில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். "பாருங்கோ, நியாயமான அளவுக்கு நிச்சயம் எண்டு விதி சொல்லேக்கை..."

"விதி தெரியும் சார். புதுசா கார்ப்பெட் போட்டிருக்கீங்க. வாடகை சீப். ஆளுங்க எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்கீங்க. இப்படி இருக்கறவங்க காலி பண்ண மாட்டாங்க. காலி பண்றதா முடிவு எடுத்திருந்தா மட்டும்தான் இந்த அஞ்சு வருஷத்த எடுப்பாங்க. முடிவு எடுத்துட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணையின் 'சும்மா டெக்னிக்கல்' ஞாபகம் வந்தது. கீழே உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ பாரத்தைத் தூக்கிப் போட்டார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார். நோட் எழுதினது நீங்கதானே? ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

நேரே அண்ணையின் அறைக்குப் போனேன்.

"எப்ப தொடக்கம் தெரியும் உங்களுக்கு?"

"முதல்லை கதவைச் சாத்தும்."

சாத்தினேன். அலுவலகம் இருநூறு மைல் தள்ளி லீட்ஸுக்குப் போகிறது, அவரும் போகிறார், கணக்குப் பகுதிக்கு அங்கேயே புதிதாக ஆட்களை எடுக்கிறார்கள். இவ்வளவையும் கணினித் திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"பங்குச்சந்தை விஷயம் தம்பி. அறிவிக்க முந்தி வாய் திறந்தால் என்ரை வேலை போகும்."

"திறக்காட்டி என்ரை போகும்."

"உம்மடை எப்பிடியும் போகும்."

சரியான கணக்குத்தான். பிழை பிடிக்க முடியவில்லை.

"லொஃப்ட் கட்டச் சொன்னனீங்கள்!"

"கட்டச் சொல்லேல்லை. நல்ல யோசனை எண்டுதான் சொன்னன்."

ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் இடையில் இவ்வளவு இடம் இருக்கிறதென்று தெரிந்த ஆள், என் பந்தியில் காற்புள்ளியை மட்டும் திருத்தியிருக்கிறார். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், வேறு வேலை தேடலாம். என்னை வெட்டுகிற கணக்கை என்னைக் கொண்டே போடுவித்து, அதைச் சரிபார்த்து, பிறகு அதே கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லி வீட்டில் நின்றேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் கேட்கவுமில்லை.

அறிக்கை வெளிவந்தது. என் பந்தியும் ஒரு சொல் மாறாமல் வந்தது. அதே காலையில் இடமாற்றத்தையும் அறிவித்தார்கள். பக்கத்து மேசைப் பெண் அழுதாள். என்னைப் பார்த்து, "நீ எவ்வளவு அமைதியாக இருக்கிறாய்!" என்றாள். படங்குக்குக் கீழே படுத்து மழைச் சத்தம் கேட்டுப் பழகியவனின் அமைதி அது.

சில மாதங்களுக்குப் பிறகு, நானும் மனைவியும் நோதேர்ன் லைன் ரயிலில் கோயிலுக்குப் போனோம். செருப்பு வைக்கிற இடத்தில் அண்ணையின் மனைவி நின்றார். லீட்ஸிலிருந்து, லண்டனில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க வந்தாராம். விலகிப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, அவரோடை கோவமே? அவருக்கு வாயாலை சொல்லேலாது. அதுதான் அந்த அஞ்சு வருசத்தை உங்களைக் கொண்டே எடுப்பிச்சவராம். 'அவன் கெட்டிக்காரன், கண்ட உடனை பிடிச்சிடுவான்' எண்டு எனக்குச் சொன்னவர். பேந்து நீங்கள் லொஃப்ட் கதை கதைக்க, அவருக்கே விளங்கேல்லையாம், விளங்கித்தான் கட்டுறியளோ எண்டு."

அது உண்மையோ, அண்ணை பிறகு வசதியாகச் செய்த திருத்தமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மலைச்சரிவில் ஸ்டேஷனை நோக்கி இறங்கும்போது மனைவியிடம் கேட்டேன்: "என்னைக் கெட்டிக்காரன் எண்டு நம்பித்தான் செய்தவராம். நீர் இதை நம்புறீரோ?"

"நம்பாமல் என்ன?" என்றாள் அவள், பயண அட்டையைத் தேடிக்கொண்டு. "நானும் அப்பிடி நம்பித்தானே கலியாணத்துக்கு ஓமெண்டு சொன்னனான்."