பிள்ளைகளுக்கு ட்ரெயினிங்

இன்று ஓட்டமாவடியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள்.

"என்ன வேலை?" என்று கேட்டான் ஆமிக்காரன்.

"வெளிநாட்டில, ஒரு காம்பில பிள்ளைகளுக்கு ட்ரெயினிங் குடுக்கிறன்."

இயக்கங்கள் சண்டைக்கென்று பிள்ளைபிடி நடத்தும் ஊரில் சொல்லக் கூடாத பதில் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

இறக்கினார்கள். கோடை விடுமுறைக்கு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நான் குதிரையேற்றம் பழக்கும் போட்டோவைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், பக்கத்துச் சீட்டிலிருந்த கிரான் ஊரைச் சேர்ந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"அது எந்தக் காம்ப் தம்பி? என்ட மகனையும் ட்ரெயினிங்குக்கெண்டுதான் கொண்டு போனவங்க. அங்க கண்டயா?"

போட்டோவைக் கொடுத்தேன். குதிரைகள் மேலிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

இனி என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு நல்ல பொய் இருந்தால் எழுதுங்கள்.