ஜெயலெட்சுமி அண்ணி வீடு பார்த்த விதம்

என் அண்ணி ஜெயலெட்சுமியோடு வீடு பார்க்கப் போகும் தண்டனை என் எதிரிக்குக்கூட வரக்கூடாது. எங்கள் குடும்பத்தில் கார் வைத்திருப்பவள் நான், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பவளும் நான். இந்த இரண்டு குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது. போன தைப்பூசம் முடிந்த கையோடு ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு பினாங்கில் இந்தக் கெலுகோர் பக்கம் எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அண்ணிக்கு ஐம்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தை முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் சேர்ந்தவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். செய்து முடித்த சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, குறையிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்தப் புத்தி தொழிற்சாலை வாசலோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரை ஒரு வாய் வைத்தாரென்றால் பாஸா ரிஜெக்டா என்று அவர் முகத்தைப் பார்த்தே சமையல்காரருக்குத் தெரிந்துவிடும். என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, “கொஞ்சம் சோம்பேறி, மத்தபடி ஓகே” என்று என் காதில் சொன்னவர். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

வீடு தேடியது என் அண்ணன் குணாளனுக்காக. அண்ணன் சுற்றுலா பஸ் ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முற்றி, சில வருடங்களுக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர்கள் குடியிருப்பது பாயான் பாருவில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நான்கு ஆட்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்க வேண்டும். ஒரு முறை பாதிப் படியில் ஒருவருக்குக் கை வழுக்கி, அண்ணன் சுவரில் போய் மோதினார். அன்றிலிருந்து மருந்து வாங்கக்கூட இறங்க மாட்டேன் என்று அடம். வருடா வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போன மனுஷன், போன தைப்பூசத்தைக் கைப்பேசியில் பார்த்தார். அன்றைக்குத்தான் அண்ணி முடிவு செய்தார். தரையோடு ஒரு வீடு, சின்னதாக, பழசாக இருந்தாலும் போதும், அண்ணன் சக்கர நாற்காலியில் தானாகவே வெளியே வர வேண்டும்.

சேமநிதிப் பணமும் அடுக்குமாடியை விற்றால் வருவதும்தான் கையிருப்பு. புது வீடெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே கெலுகோரின் பழைய தாமான் குடியிருப்புகளில், எழுபதுகளில் கட்டிய ஒற்றை மாடி வரிசை வீடுகளாகப் பார்த்தோம். அண்ணி பையில் ஒரு கோலிக்குண்டு, டார்ச்லைட், அளவு நாடா, சாப்பாட்டுக் கரண்டி ஒன்று. கோலிக்குண்டைத் தரையில் வைப்பார், அது உருண்டு ஓடினால் தரை இறங்கியிருக்கிறதாம். கரண்டிக் காம்பால் கதவு நிலையைத் தட்டுவார், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு கழிவறையில் தண்ணீர் ஊற்றுவார். வீட்டு ஏஜெண்டுகள் எங்களைக் கண்டாலே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவ ஆரம்பித்தார்கள். நல்ல மழை அடித்தால் போதும், நான் கார் சாவியைத் தேட வேண்டியதுதான். “தனுஜா, கெரேத்தாவ எடு. இப்பதான் கால்வாய் நிறையுதா தெரியும்” என்று அண்ணி கூப்பிடுவார்.

“அண்ணி, வாங்கப் போறது வீடா, ராக்கெட்டா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ராக்கெட்டுன்னா போனா போகுதுன்னு விடலாம். உங்க அண்ணன் இதுல குடியிருக்கணும் லா” என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் யூசுப் அண்ணன் என்று ஒருவருடைய வீடு விலைக்கு வந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு கோலாலம்பூரில் மகள் வீட்டோடு போகப் போகிறார். இரண்டு அறை, சின்னச் சமையலறை, வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கூரை போட்ட இடம். சுவரெல்லாம் மங்கலான பச்சை, ஜன்னலெல்லாம் பழைய கண்ணாடிப் பட்டை. எனக்கு அழுமூஞ்சி வீடாகத் தெரிந்தது. அண்ணி கோலிக்குண்டை வைத்தார், அது அசையவில்லை. கரண்டியால் தட்டினார், கெட்டியான சத்தம். குளியலறைக் கதவை அளந்தார், சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். இரண்டு பெருமழைக்குப் போய்ப் பார்த்தோம். கால்வாய் ஒழுங்காக ஓடியது.

“தங்கச்சி, என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நான் இவ்வளவு பார்க்கல” என்றார் யூசுப் அண்ணன்.

அன்றைக்கு அண்ணி காரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் நிம்மதி. இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்.

வீட்டுக்கு வந்து படங்களையெல்லாம் அண்ணனிடம் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எனக்கு வேணாம்” என்றார்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. “ஏன் வேணாம்? இவங்க மழையில நனைஞ்சு நனைஞ்சு பார்த்தது உனக்கு விளையாட்டா இருக்கா?” என்று கத்திவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. “படத்துல தெருவப் பாரு. ஒரு ஆளு இருக்கா? எல்லா வீட்டுலயும் கேட்டு பூட்டிக் கிடக்கு. இங்க நான் வாசல்ல உட்கார்ந்தா முன்னால நாலு பேரு நடக்கிறான். எதிர் வீட்டு ரொஸ்னா காலையில நாசி லெமாக் சோறு விக்கப் போறப்ப கோப்பி குடுத்துட்டுப் போவுது. பக்கத்து வீட்டுப் பார்சல் எல்லாம் என்கிட்டதான் வரும். ஜெயா காலையில போனா சாயங்காலம்தான் வரும். அங்க போயி நான் யார்கிட்ட பேசுறது, சுவத்துகிட்டயா?”

அண்ணியின் முகம் சுருங்கிப் போயிற்று. நாங்கள் அந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தோம், மழையில் பார்த்தோம், வேலை முடிந்து சாயங்காலத்தில் பார்த்தோம். அண்ணன் தனியாக இருக்கப்போகிற சாதாரண நாளின் பகலில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு சோதித்தவருக்கு அது தோன்றவே இல்லை.

அண்ணியின் தொழிற்சாலையில் பர்ன்-இன் என்று ஒரு சோதனை உண்டு. பலகையைச் சூடான பெட்டிக்குள் வைத்து, மின்சாரத்தைக் கொடுத்து, ஒரு நாள் பூராவும் ஓடவிடுவார்கள். எடுத்தவுடன் நன்றாக ஓடுவது முக்கியமில்லை, நேரம் போகப் போக நிற்கிறதா என்பதுதான் கணக்கு. அண்ணி செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டார். யூசுப் அண்ணனிடம் வாசலில் ஒரு நாள் உட்கார அனுமதி கேட்டார். அவர் இதற்குள் எதற்கும் ஆச்சரியப்படாத மனிதராகியிருந்தார். “எனக்கு பாசார்ல சாமான் வாங்கணும், பேங்கில வேலை இருக்கு. சாவிய வச்சுக்குங்க” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். புத்தகம் கிடையாது, கைப்பேசியில் நாடகம் கிடையாது. அண்ணனால் எழுந்து போக முடியாது என்பதால், கழிவறைக்குத் தவிர நாற்காலியை விட்டு எழுவதும் கிடையாது. அவரே போட்டுக்கொண்ட சட்டம். “பைத்தியம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது, நான் காரை நிறுத்துவதற்குள் அண்ணி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஒரே நாளில் கண் உள்ளே போன மாதிரி இருந்தது. வழியில் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் கார்கள் போயின. குப்பை லோரி வந்தது. மோட்டாரில் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார், எதிர் வீட்டுச் சீனக் கிழவி ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டினார். அவ்வளவுதான். வாடகைக்கு இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் திரும்பும்வரை ஒரு ஈ காக்கை இல்லை.

மூன்று மாடி ஏறி உள்ளே நுழைந்ததும் அண்ணன், “என்ன ஜெயா, பாஸா ஃபெயிலா?” என்றார். குரலில் கிண்டல் இருந்தது, ஆனால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “வீடு பாஸ். தனியா ஒரு ஆளு இருக்கிறதுக்கு ஃபெயில். நீங்க சொன்னது சரிதான்.”

“அப்ப விட்டுடு. இங்கேயே இருப்போம்.”

“விட மாட்டேன். ரெண்டு ஆளு இருந்தா ஓடும். நான் வேலைய விடுறேன்.”

அண்ணன் பதறிப்போனார். “உனக்கென்ன மண்டை கழண்டு போச்சா? அறுபது வரைக்கும் வேலைக்கு வச்சுக்கிறேன்னு கம்பெனிக்காரனே சொல்றான். வேலை இல்லாட்டி நீ ஒரு வாரம் தாங்க மாட்ட.”

“பிள்ளையா குட்டியா, ரெண்டு வயிறுதானே. உங்க சொக்சோ பென்ஷன் பணம் வருது, மிச்ச சொச்சம் இருக்கு. போதும்.” அண்ணி அவருடைய நல்ல காலின் மேல் கையை வைத்தார். “மத்தியானத்துக்கு மேல எனக்கு ஒண்ணுமே ஓடல. தனுஜா கார் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு காதை அங்கேயே வச்சுக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு நாளு. இங்க உங்களுக்கு ஆளு இருக்கு, பேச்சு இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். காலையில பத்து மணிக்கு மேல இங்க மட்டும் யாரு நடக்குறா? எல்லாரும் வேலைக்குப் போயிடுறாங்க. இத்தனை வருஷமா எப்படிங்க இருந்தீங்க?”

அண்ணன் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். பஸ்ஸில் பினாங்குப் பாலம் முடிவதற்குள் எல்லோரையும் சிரிக்கவைத்துவிடுவார் என்று சொல்வார்கள். அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யாமல் அண்ணியின் கை மேல் தன் கையை வைத்தார்.

“சாயங்காலம் நீ வந்துருவ லா” என்றார். “அதுக்குத்தான் இருந்தேன்.”

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார். எனக்கும் நிற்கவில்லை. அழுதுகொண்டே என் கைப்பேசியை வாங்கி யூசுப் அண்ணனைக் கூப்பிட்டு, வீட்டை இனி வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொன்னார்.