தம்பி டாக்டராக வந்த தீவு

கலோலைனேயின் கேக்கே கடை துறைமுகத்துக்கு எதிரே, மீன் சந்தை வாசலில் இருக்கிறது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு எண்ணெய்ச் சட்டி, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய். மாவை உருட்டிப் போட்டுச் சிவக்க எடுத்தால் அதுதான் கேக்கே. வருகிற கூட்டத்தில் பாதி கேக்கேக்கு வரும், பாதி அவள் வாய்க்கு வரும். “நேத்து சர்ச்சில தூங்கினவங்களுக்கு இன்னிக்குக் கேக்கே கிடையாது” என்று ஒரு திங்கட்கிழமை அறிவித்தாள். வரிசையில் நின்ற போதகரின் மகன் மெதுவாக விலகிப் போனான்.

டோங்கா நாட்டின் வடபகுதியில் உள்ள எங்கள் தீவில் ஆஸ்பத்திரி உண்டு. பெண்களைப் பார்க்க டாக்டர் வெகுகாலம் இல்லை. பிரசவமெல்லாம் நர்ஸ் தெலெசியாதான். கலோலைனேயின் மூன்று பிள்ளைகளும் அவள் கையில் விழுந்தவர்கள். சிக்கலான கேஸ் என்றால் கப்பலேற்றித் தலைநகருக்கு அனுப்புவாள். அப்படிப்பட்ட ஊருக்கு, பிஜியில் மகப்பேறு மருத்துவம் படித்த பௌலியாசி திரும்பி வந்தபோது சர்ச் மணியடித்துக் கொண்டாடினோம். விருந்துக்கு இருந்ததிலேயே பெரிய பன்றியைக் கொடுத்தவள் கலோலைனே. பௌலியாசி அவள் சித்தி மகன். ஒரே வளவில் வளர்ந்தவர்கள்.

வினை அங்கேதான் இருந்தது. எங்களிடம் தம்பியைவிட அக்காள் உயர்ந்தவள், அவள் பிள்ளைகளும் அவனுக்கு மேல். வளர்ந்த பிறகு இருவரும் ஒரே கூரையின் கீழ் படுப்பதில்லை. ரேடியோவில் காதல் பாட்டு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். உடம்பைப் பற்றிய பேச்சு அவர்கள் நடுவே வரக் கூடாது. வந்தால் குடும்பத்துக்கே அவமானம். பௌலியாசி சந்தைப் பக்கம் வந்தால் கலோலைனேயின் பேச்சு பாதியில் நிற்கும், பார்வை சட்டிக்குள் போய்விடும்.

நாற்பதைத் தாண்டியபின் அவள் நான்காவதாக உண்டானாள். தெலெசியா ரத்த அழுத்தம் பார்த்தாள், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள், முகம் சுளித்தாள்.

“இது என் கைக்கு மேல போயிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டணும்.”

“எந்த டாக்டர்?”

“இருக்கிறது ஒருத்தர்தானே.”

“அப்ப இங்க டாக்டரே இல்லேன்னு வெச்சுக்கோ.”

புருஷன் கிடியோனே கெஞ்சிப் பார்த்தான். மரியாதை தெரிந்தவன், அதனால் பாதிக் குரலில்தான் கெஞ்சினான். அவள் அசையவில்லை. “பொறக்கப்போற பிள்ளைக்கு அவன் தாய்மாமன். மாமன் தட்டுலேருந்து உரிமையோட பிடுங்கித் தின்னப்போற பிள்ளை. அவன் என்னை அந்தக் கட்டில்ல படுக்கவெச்சுப் பார்த்துட்டா, அப்புறம் நான் அந்த வீட்டு வாசல்ல எப்படி நிப்பேன்?”

தலைநகரில் ஒரு பெண் டாக்டரைத் தேர்ந்தெடுத்தாள். நல்ல டாக்டர். மாத்திரை கொடுத்தார், அடிக்கடி வரச் சொன்னார், கடைசி மாதங்களில் அங்கேயே வந்து தங்கிவிடச் சொன்னார். “சட்டியையும் தூக்கிட்டு வரவா?” என்று கேட்டுவிட்டுக் கப்பலேறித் திரும்பினாள். கப்பலில் ஒரு பகலும் ஒரு இரவும் வாந்தி எடுத்ததை மட்டும் வரிசையில் நின்றவர்களிடம் நடித்துக் காட்டினாள்.

தெலெசியாவுக்கு அது போதவில்லை. அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பௌலியாசியிடம் பெயர் சொல்லாமல், “துறைமுகப் பக்கத்துல ஒரு பொண்ணு” என்று ஆரம்பித்து, அழுத்தம் இவ்வளவு, வீக்கம் இவ்வளவு என்பாள். அவன் மாத்திரையைக் கூட்டுவான், குறைப்பான். பிறகு அவனே, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்கினான். இரண்டு மாதம் இப்படி ஓடியது. அழுத்தம்கூட இறங்கியது.

ஒருநாள் தெலெசியா களைத்துப் போயிருந்தாள். “அடுப்புச் சூட்டுல நிக்காதேன்னா கேக்க மாட்டேங்கிறா. கேக்கே என்ன தானாவா வேகும்ங்கிறா” என்று வாய்விட்டாள்.

பௌலியாசி பேனாவை மூடினான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அவன் விசாரிக்கவே இல்லை. தெலெசியாவுக்கும் மறுபடி ஆரம்பிக்க நா எழவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கடல் கெட்டது. கப்பல் வரவில்லை. அடுத்த கப்பலும் வரவில்லை. கலோலைனே தலைவலி என்றாள், கண்முன் பூச்சி பறக்கிறது என்றாள், எண்ணெய்ப் புகை என்று அவளே காரணமும் சொன்னாள். ஒரு காலை, வரிசை நீண்டு நிற்கும்போது மேசையைப் பிடித்தபடி சரிந்தாள். பாவாடை நனைந்து சிவந்தது. மீன் வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் தெலெசியா ஒரு வெள்ளைத் துணியால் அவள் முகத்தை மூடிவிட்டுத்தான் பௌலியாசியைக் கூப்பிட்டாள். “உள்ள ஒரு பொம்பளை.”

“பேர் சொல்லாதே” என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

அறுத்தான். தாயைக் காப்பாற்றினான். பெண் குழந்தை, அது மூச்சு விடவில்லை.

அடக்கத்தின்போது பௌலியாசி சவத்தின் அருகே வரவில்லை. அக்காள் பிள்ளையின் சாவில் தாய்மாமன் தாழ்ந்தவன். துக்கத்துக்குக் கட்டுகிற கிழிந்த பெரிய பாயை மார்புவரை சுற்றிக்கொண்டு வீட்டின் பின்னால் மண்ணடுப்புப் புகையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கிழங்கு வேகவைத்தான். புகையில் எல்லார் கண்ணும்தான் சிவந்திருந்தது.

மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் கிளம்பிய நாளில் கலோலைனே துறைமுகத்துக்கு வரவில்லை. நாற்பதடி தூரத்தில்தான் அவள் மேசை. தெலெசியா கையில் சூடான கேக்கே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பௌலியாசி அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

“யாருன்னு தெரிஞ்சப்புறமும் நான் கேட்டிருக்கலாம்” என்றான். “பேர் இல்லாமலே கேட்டிருக்கலாம்.”

அக்காவிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? தெலெசியா திரும்பி வந்து, “நல்லா இருக்கச் சொன்னாரு” என்று மட்டும் சொன்னாள். மீதியை என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து.

அவன் நாற்காலிக்கு இன்னும் யாரும் வரவில்லை. கடை பழையபடி நடக்கிறது. அவள் பேச்சுதான் குறைந்துவிட்டது. வயிறு தெரிகிற பெண் யார் வந்தாலும், “கப்பல் எப்பன்னு விசாரிச்சியா?” என்று கேட்பாள். போன வாரம் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் திருப்பிக் கேட்டாள்: “உனக்குத்தான் தம்பி. எங்களுக்கு அவர் டாக்டர். நாங்க என்ன பண்ணினோம்?”

கலோலைனே அந்தப் பெண்ணின் பொட்டலத்தில் ஒரு கேக்கே கூடுதலாகப் போட்டு மடித்துக் கொடுத்துவிட்டு, “வியாழக்கிழமை கப்பல்” என்றாள். “நான் துணைக்கு வர்றேன்.”