நைனாவுக்குச் சொல்லத் தெரியாத வேலை

பிரேசர் டவுனுக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் சின்னச் சின்ன வீடுகளின் வரிசைதான் எங்கள் லைன். இங்கே யார் வீட்டுப் பெண் என்ன வேலைக்குப் போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி துணிக்கடை, ஒருத்தி கால் சென்டர். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. என் நைனாவுக்கே தெரியாது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர். இப்போது வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி. அவரும் அம்மாவும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் உட்கார்ந்தவள் நான், பி.காம். முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை, அடக்கமும் இல்லை.

படிப்பு முடிந்ததும் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். கழுத்தில் அட்டை, தெருமுனை வரை கேப். அந்த வேலை நைனாவுக்குப் புரிந்தது. அதை விட்டுவிட்டு, சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல ஏதோ கீதுப்பா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அதுதான் உறுத்தியது.

ஒருநாள் நேராகவே கேட்டார்.

“பாட்டு போடறியாம்மா?”

“இல்ல நைனா.”

“டயலாக்கு?”

“அது நடிகருங்க பேசறது.”

“அப்ப நீ இன்னாதான் பண்ற?”

“கதவு சாத்தற சத்தம், செருப்பு சத்தம், மழை… அதெல்லாம் நாங்கதான் சேக்கறோம்.”

அவர் எங்கள் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். “கதவச் சாத்துனா சத்தம் தானா வராதா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இந்த வருடம் நாங்கள் வேலை செய்த ஒரு கன்னடப் படத்துக்குச் சிறந்த ஒலிக்கான விருது கிடைத்தது. விழா முன்பே நடந்து முடிந்து, எங்கள் ஸ்டுடியோ சார் மேடையேறி வாங்கியும் வந்துவிட்டார். டிவியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுவதாகச் சொன்னார்கள். நைனாவுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். அம்மா அதற்குள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டு, ரவையை வறுத்துக் கேசரியும் கிளறிவிட்டாள்.

அடுத்த வீட்டு அத்தை தன் மருமகளோடு வந்து கட்டிலில் இடம் பிடித்தார். சொந்த அத்தை இல்லை. அவரும் தங்கவயல்காரர் என்பதால் வந்த உறவு. லைனின் சொந்தக்காரர், நாங்கள் ஓனரம்மா என்று கூப்பிடும் கன்னட அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்து வந்த நைனா யூனிபார்ம் பேன்ட்டைக்கூட மாற்றாமல் வாசற்படியில் நின்றார்.

ஆட்டம், பாட்டு, விளம்பரம், மறுபடியும் ஆட்டம். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கடி நீ? எப்ப வருவே?”

“நான் வரமாட்டேன் அத்த. எங்க சார்தான் வாங்குவாரு.”

“வேல செஞ்சது நீ, வாங்கறது அவரா? எங்க மேஸ்திரி மாதிரியே கீறாரே!”

எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் இவள் சிரிப்பாகிப் போனாளே என்கிற பார்வை அது.

ஒலி விருதை அறிவிக்க யாரோ ஒருவர் மேடைக்கு வந்தபோது அறையில் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. நடிகர்கள் இல்லாத விருதுகளை யார்தான் பார்ப்பார்கள்? அம்மா கேசரியைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். ஓனரம்மா அத்தையின் மருமகளுக்கு முடி கொட்டுவதற்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். ‘பாருங்க, பாருங்க’ என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் படத்திலிருந்து ஒரு காட்சியைப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் குழாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லைனுக்கு மொத்தம் ஒரே குழாய். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எந்த நேரத்தில் என்பது யாருக்கும் தெரியாது. வருவதற்கு முன் குழாய் வறட்டு இருமல் இருமும். காற்றைத் துப்பும். மெல்ல விசிலடிக்கும். அதன் பிறகே தண்ணீர். அந்த இருமல் கேட்டதும் ஓடாதவளுக்கு அன்றைக்குக் கடைசிக் குடம். அந்த ஞாயிறு தண்ணீர் நாள். காலையிலிருந்து ஒரு சொட்டும் வந்திருக்கவில்லை.

டிவியில் குழாய் இருமியது.

“ஏய், நீரு பந்து! தண்ணி வந்துடுச்சு!” என்று ஓனரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அத்தை கட்டிலிலிருந்து குதித்தார். அம்மா கேசரிக் கரண்டியைப் போட்டுவிட்டு மூலையிலிருந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மருமகள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்ற நைனாவை இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

நானும் நைனாவும் மட்டும். திரையில், ஒரு சந்தில் குடத்தோடு உட்கார்ந்திருந்த கதாநாயகியின் முன்னால் ஒரு குழாய் விசிலடித்து, தண்ணீரைக் கொட்டியது.

அந்தக் குழாய் படப்பிடிப்புக்காகப் போட்ட செட்டில் இருந்தது. பின்னால் ஒரு டிரம்மிலிருந்து தண்ணீர் விட்டார்கள், இருமலும் விசிலும் அதற்குத் தெரியாது. ஸ்டுடியோவில் சேமிப்பிலிருந்த குழாய்ச் சத்தத்தைத்தான் முதலில் போட்டிருந்தார்கள். திருகினால் உடனே கொட்டும் பணக்காரக் குழாய். இது தப்பு என்று சாரிடம் சொன்னேன். ஒரு விடியற்காலையில் மைக்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எங்கள் குழாயடியில் வைத்து, இருமும்வரை காத்திருந்து பதிவு செய்து கொண்டுபோனேன். கேட்டுவிட்டு சார், “இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். பிறகு அதுவே படத்தில் நின்றது.

நைனா திரையைப் பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். சார் மேடையில் விருதைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

“நம்ம கொழாயா?”

“நம்ம கொழாதான்.”

“நீ போட்டதா?”

தலையாட்டினேன். செட்டுக் குழாயைப் பற்றியும் கவரில் சுற்றிய மைக்கைப் பற்றியும் அவசர அவசரமாகச் சொன்னேன்.

வெளியேயிருந்து காலிக் குடங்களோடு எல்லோரும் திரும்பினார்கள். அத்தை குழாயைக் கண்டபடி திட்டிக்கொண்டே வந்தார். “இருமிச்சேடி! என் ரெண்டு காதாலயும் கேட்டேனே!”

“அது கொழா இல்லக்கா,” என்றார் நைனா. “எம் பொண்ணு செஞ்சது.”

யாருக்கும் புரியவில்லை. அவரே புரியவைத்தார். படத்தில் குழாய் பொய் என்பதை, சத்தத்தை நான் கொண்டுபோய்ச் சேர்த்ததை, அதற்குத்தான் இந்த விருது என்பதை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. திருத்த எதுவும் இல்லை.

“அய்யோ, என் முட்டி போச்சே!” என்று ஓனரம்மா சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு குட்டு வைத்தார். “இனிமே தண்ணியும் நீயே தந்துடும்மா, கார்ப்பரேஷன் எதுக்கு?”

அம்மா குடத்தை இறக்கவே மறந்து நின்றாள்.

கேசரி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நைனா தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் போனை எடுத்து, தன்னோடு வேலை செய்யும் செக்யூரிட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணா, எம் பொண்ணு இன்னா வேல செய்யுதுன்னு கேட்டீங்க இல்ல? சொல்றேன், நிதானமா கேளுங்க. சினிமாவுல ஒரு கொழா வந்துச்சுண்ணா. அத நம்பி இங்க நாலு பொம்பளைங்க கொடத்த எடுத்துக்கினு ஓடுனாங்க…”

அவர் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.