மாமா கொடுத்த ரத்தம்

என் அப்பாவைக் கொன்றது என் மாமா. வருடா வருடம் படையலன்று, "டாக்டருங்க மருந்த ஜாஸ்தியா ஏத்திட்டானுங்க" என்று சொந்தக்காரர்கள் முன்னால் மூக்கைச் சிந்துகிறாரே, அவரேதான்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். எனக்குப் பத்து வயது. மருந்து ஏற்றுவதற்கு முதல் நாள் கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெள்ளை அணு கம்மி என்று தாளில் வந்தால், வெளியூர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை அனுப்பினார்கள். மூன்று பஸ் மாறிப் போய், மூன்று பஸ் மாறி கல்வராயன் மலைக்குத் திரும்பினார் அப்பா. வீட்டில் அம்மா அழுதாள். அப்பா பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் தடவை அம்மாவின் தம்பியான மாமா கூட வந்தார். மூட்டை தூக்கி இறுகிய உடம்பு. அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, சீட்டோடு அவரே லேபுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பெயர் கேட்டதும் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"நாப்பத்தஞ்சு வயசா? பாத்தா தெரியலியே, அண்ணா" என்றாள் லேப் பெண்.

"எல்லாம் மலக் காத்தும்மா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே வந்ததும் மாமா தலையில் குட்டினார்.

"உங்கப்பன் பாஸாவணுமா வேணாமா?"

"ஆவணும் மாமா."

"அப்போ இன்னாத்துக்கு இளிச்சிகினு நிக்கிற? வாயத் தொறக்காத. வா, பன்னு துன்னலாம்."

மாமா கையில் ஒட்டியிருந்த பஞ்சை அப்பா பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

நல்ல எண்ணாக வந்தது. மருந்தும் ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. அப்பா எழுந்திருக்கவே இல்லை.

இப்போது நானே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். வெள்ளை அணு குறைந்தவருக்கு அந்த மருந்தை ஏற்றினால், சின்னக் கிருமியைக்கூட உடம்பு தாங்காது. திருப்பி அனுப்பியவர்கள் அப்பாவைக் காப்பாற்றத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரிந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் நான் விளக்கிச் சொன்ன பிறகு தெரியும். அதற்கப்புறமும் டாக்டரைத்தான் திட்டுகிறார்.

மாமா, இந்தப் படையலுக்கும் எல்லோரும் வருவார்கள். அம்மா இருப்பாள். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள். அன்றைக்கு லேபில் கொடுத்தது யாருடைய ரத்தம்? நீங்கள் சொல்லி முடித்ததும், பக்கத்தில் நின்று சிரித்தது யாரென்று நான் சொல்கிறேன்.