இரண்டு வெள்ளைக் கவர்கள்

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மருந்துக்கடையில் நிற்பவளுக்கு எங்கள் தெருவில் பெயர் கவர் அக்கா. வாய் கொஞ்சம் நீளம். பல்வலி என்று வந்தால், "மிட்டாயைக் கொஞ்சம் குறைங்க சாமி, பல்லு பாவம்" என்று வம்புக்கு இழுப்பாள். ஆனால் கூட்டம் கலையும்வரை தைல பாட்டில்களையே வெறித்தபடி நிற்கும் பெண்களிடம் அந்த வாய் திறக்காது. கர்ப்பம் தங்காமலிருக்க அவசரத்துக்குப் போடும் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, வெறும் வெள்ளைக் கவரில் போட்டு நீட்டுவாள். அட்டையோடு கொடுத்தால் வீட்டில் யாராவது படித்துத் தொலைப்பார்களே! முதலாளி எவ்வளவு திட்டியும் இந்தப் பழக்கத்தை அவள் விட்டதில்லை.

போன வாரத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் மஞ்சள் குடை எதைக் கண்டாலும் கடையைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்தவர்கள் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

மஞ்சள் குடையோடு வந்தவள் ஒரு கல்லூரிப் பெண். போன மாதம் வந்தாள். "அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை. அப்புறம்... எனக்கு அது" என்றாள். அக்காவுக்குப் புரிந்தது. இரண்டையும் பிதுக்கி இரண்டு வெள்ளைக் கவரில் போட்டாள். எது எதில் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பெண் இரண்டையும் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

போன வாரம் ஓர் அம்மாள் வந்தாள். கடையில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லவே வெக்கமா இருக்கு. நாள் தள்ளிப் போயிருக்கு. வளர்ந்த பொண்ணை வெச்சுக்கிட்டு இந்த வயசுல... கர்ப்பமான்னு பாக்குற கிட் ஒண்ணு குடுங்க."

அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

"தலைவலிக்கும் குடுங்க. ஆனா போன தடவை என் பொண்ணுகிட்ட குடுத்து விட்டது வேணாம். மஞ்சக் குடை வெச்சிருப்பாளே, அவதான். பொட்டாட்டம் இத்துனூண்டு மாத்திரை, வலி விடவே இல்ல."

கவர் மாறிவிட்டது என்று அக்காவுக்கு உறைத்தது. சின்ன மாத்திரை போக வேண்டிய வயிற்றுக்குப் போகவில்லை. அதைப் போட்டால் நாள் தள்ளும்; இந்த அம்மாளுக்குத் தள்ளியதும் அதனால்தான் இருக்கும். மகளோ தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு, ஆபத்து தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பெண்ணைக் காட்டிக் கொடுத்ததாகும். சொல்லாவிட்டால்?

"அவளுக்கும் ரெண்டு நாளா காலையில வாந்தி. அதுக்கும் ஏதாவது போட்டுக் குடுங்க" என்றாள் அம்மாள்.

"வாந்திக்கு ஆளை விசாரிக்காம குடுக்கக் கூடாதும்மா. அவ நம்பரைக் குடுங்க, நானே பேசுறேன்."

நம்பர் கிடைத்தது. அம்மாள் வீடு போய்ச் சேருமுன் பேசிவிட வேண்டும் என்று அக்கா துடித்தாள். அந்த நேரம் பார்த்து வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"ஹலோ?"

"மருந்துக்கடை அக்கா பேசுறேன்மா. அன்னைக்கு நீ போட்ட மாத்திரை..."

"யாருடி போன்ல?" பின்னால் அந்த அம்மாளின் குரல்.

"ராங் நம்பர்மா" என்றாள் பெண். இணைப்பு அறுந்தது.

அக்கா மறுபடி அடித்தாள். போன் அணைந்திருந்தது.