தலைக்கு மேலே வந்து திரும்பிய மச்சினன்

போன வெள்ளிக்கிழமை, ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை வந்துவிட்டு, இறங்காமல் திருச்சிக்குப் போய்க் காப்பி குடித்தேன். எல்லாம் என் மச்சினன் செய்த வேலை!

மச்சினன் ரங்கராஜ், என் மனைவி சரஸ்வதியின் தம்பி. விமானத்தில் துணை பைலட். அன்றைக்குச் சென்னையிலிருந்து கோவைக்கு வரும் டகோட்டா விமானத்தை அவன் கேப்டன் இடத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். பரீட்சை அதிகாரி ஒருவர் பின்னால் இருந்து கவனிப்பார். தேறினால் கேப்டன். தேறாவிட்டால்... இன்னும் எத்தனை வருஷம் துணைக்கு உட்கார வேண்டுமோ!

இதில் ஒரு சிக்கல். விமான உலகத்திலும் மேல் கீழ் உண்டு — உங்களுக்குத் தெரியுமோ? ராணுவத்தில் பயின்று வந்தவர்கள் ஒசத்தி. ஃப்ளையிங் கிளப்பில் கற்றுக்கொண்டு வந்தவர்களைக் 'கிளப் பையன்' என்று ஒரு தினுசாகச் சொல்வார்களாம். ரங்கராஜ் கிளப் பையன். பரீட்சை அதிகாரியோ, யுத்தத்தின்போது பர்மா எல்லையில் பறந்த குடகுக்காரர். அவர் மீசையைப் பார்த்து நானே ஒதுங்கி வழிவிட்டேன்.

சரஸ்வதி சும்மா இருப்பாளா? "தம்பி ஓட்டற பிளேன்ல நாம போகாம வேற யாருங்க போறது?" என்று என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இங்கே கோவைப் பக்கம் துடியலூரில் அவர்கள் சொந்தம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மாமனாருக்குக் கோத்தகிரி மலைப்பாதையில் பஸ் ஓடுகிறது. அன்று ஒரு பஸ்ஸையே காலி செய்து, மாமன், சித்தப்பன், அத்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பீளமேட்டு விமான நிலையத்துக்கு வந்துவிட்டார். பரீட்சை எழுதப் போகிறவனை இப்படியா மிரட்டுவது?

விமானத்தில் எங்களுக்கு முன் ஸீட்டில் ஒரு பல்லடத்துக்காரர். தறி முதலாளி. "ஏனுங்க, யாருங்க ஓட்டறது? மிலிட்டரிக்காரருங்களா?" என்றார்.

"இல்லீங்க. என்ற தம்பிங்க!" என்றாள் சரஸ்வதி.

அவர் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அன்று புழுதியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. விமானம் தாழ இறங்கியதும் எங்களை இப்படியும் அப்படியும் உலுக்கியது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... மாமனாரின் பஸ் தெரிகிறது. வேலியோரம் சேலைகள் படபடக்கின்றன. இரண்டு பேர் ஒரு மாலையைச் சிரமப்பட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

இதோ, தரை. அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத்து இறக்கை சாய்ந்தது. இன்ஜின்கள் உறுமின. விமானம் மேலே ஏறி, சொந்தக்காரர்கள் தலைக்கு மேலாகப் பறந்து போயே போய்விட்டது. சிப்பந்தி வந்து, திருச்சிக்குப் போகிறோம் என்றார்.

பல்லடத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஊரு தெரியுதுங்க... எறக்கமாட்டேங்கறாரே! இன்னொருக்கா பார்த்தா என்னங்க கொறைஞ்சு போச்சு?"

சரஸ்வதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "போச்சுங்க. ஊரே பார்க்கத் தோத்துப்போட்டான்."

திருச்சி விமான நிலைய காண்டீனில் எங்களுக்கு அடுத்த மேஜையில் அதிகாரியும் ரங்கராஜும் வந்து உட்கார்ந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டேன். பேச்சு இங்கிலீஷில்.

"இன்னொரு தடவை முயன்றிருக்கலாமே? இறக்கியிருக்கலாமோ என்னவோ?" என்றார் அதிகாரி.

"கீழே என் குடும்பமே நின்றது, ஸார். இறங்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அதனால்தான் முயலவில்லை."

மீசை அசையவில்லை. "கிளப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்களா?"

"இல்லை ஸார். பஸ்ஸில்."

ரங்கராஜ் விளக்கினான். மலைப்பாதையில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிற பஸ்தான் பின்னால் போய் வழிவிட வேண்டும். எதிர் டிரைவர் சிரிப்பான், உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். ரோஷப்பட்டு முன்னால் விட்டால் பள்ளம்தான். அதனால் எங்கள் மாமனார் கம்பெனியில் ஒரு வழக்கம். புது டிரைவரைப் பரீட்சை செய்யும்போது பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அவன் ரிவர்ஸ் எடுக்க எடுக்க அவர்கள் வாய்க்கு வந்தபடி கேலி செய்ய வேண்டும். காது சிவந்து அவசரப்பட்டானோ, ஸ்டியரிங் கிடையாது! முதலாளி மகனுக்கும் அதே சட்டம்தான். கல்லூரி விடுமுறையில் ரங்கராஜ் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் தேறினானாம்.

அதிகாரி காப்பியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். "இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. என்னோடு இருந்தவர்கள் சிலர் கற்றுக்கொள்வதற்குள்ளேயே போய்விட்டார்கள்" என்றார். அவ்வளவுதான். தேறினான் என்றோ தவறினான் என்றோ ஒரு வார்த்தை இல்லை!

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். ராணுவம் பெரிதா, கிளப் பெரிதா என்று இவர்கள் அடித்துக்கொள்கிறார்களே — நாலு பேர் சிரிக்கும்போதும் நிதானம் தவறாதவன் எங்கே படித்தால் என்ன? எங்கள் கோத்தகிரி மலைப்பாதை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குறைச்சல்?

சாயங்காலம் காற்று அடங்கியது. மறுபடி கோவைக்குக் கிளம்பினோம்; ஓட்டியது ரங்கராஜ்தான். கொஞ்ச நேரத்தில் விமானிகள் இருக்கும் முன்னறைக் கதவு திறந்தது. பரீட்சை அதிகாரி வெளியே வந்தார், பல்லடத்துக்காரருக்குப் பக்கத்து ஸீட்டில் சாய்ந்தார், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்... குறட்டை விட்டுத் தூங்கிப் போனார்!

பல்லடத்துக்காரர் அவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மெதுவாகத் தன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். சரஸ்வதி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

சக்கரம் தரையைத் தொட்டது அந்த அதிகாரிக்குத் தெரியவே இல்லை. சரஸ்வதிதான் எழுப்ப வேண்டியிருந்தது. "ஏனுங்க, எந்திரிங்க. கோயமுத்தூரு வந்தாச்சுங்க."

கேப்டன் உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. வரும்போது வரட்டும் — எங்களுக்கு அந்தக் குறட்டையே போதும்!